ஒரு கை நுழையும் உயரம்

சாமியார் வண்டி தரையை விட்டு எழுந்த அன்று புன்னைக்கழியில் கருவாடு காயப்போட்டவர்கள் காயப்போட்டுக்கொண்டும் உப்பு வாரியவர்கள் வாரிக்கொண்டும்தான் இருந்தார்கள், ஏனென்றால் அது வெயில் ஏறுவதுபோல, பார்த்துக்கொண்டே இருந்தாலும் எப்போது ஏறியது என்று சொல்ல முடியாதபடி, அவசரமில்லாமல் எழுந்தது. முதலில் கவனித்தது ஜெர்மேனாவின் அண்ணன் மனைவி லூர்து மைனி. முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை முகர்ந்துகொண்டிருந்த ஆட்டுக்குட்டி, சக்கரத்துக்கு அடியிலேயே நுழைந்து அந்தப் பக்கம் வந்து நின்றதைப் பார்த்து, "ஏட்டி ஜெர்மி, ஒன் வண்டி எந்திரிச்சிட்டு" என்று சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அது சுதந்திரத்துக்கும் மூத்த இங்கிலீஷ் கார். உருண்டை மூக்கும் தவளைக் கண்ணுமாக, எப்போதோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போனது. கோயில் கொட்டகையில் உடைந்த சப்பரங்களுக்கும் பழைய கொடிமரத்துக்கும் நடுவில் கிடந்த அதன் பின்சீட்டில் எத்தனையோ தலைமுறைக் கோழிகள் அடைகாத்திருந்தன. ஜெர்மேனா ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் பழைய கார்களை மட்டும் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தக் காரைக் கேட்டாள். ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஓடுத வரைக்கும் ஒனக்கு. நின்னுபோச்சுன்னா கோயிலுக்கு" என்றார். கூட்டமும் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் சாட்சி.

கியரில் ஓடும்போது அது மற்றக் கார்களைப் போலத்தான் மண்ணைத் தொட்டு ஓடியது. கியரை எடுத்துவிட்டு, காலையும் எடுத்துவிட்டு, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மட்டும் எழுந்தது. எவ்வளவு உயரம் என்பதை எண்ணெய்தான் தீர்மானித்தது. ஆயில் பிரஷர் முள் பத்து பவுண்டில் நின்றால் சக்கரங்கள் நம் முழங்காலுக்கு வரும், இருபதில் இடுப்புக்கு, நாற்பதில் மார்புக்கு. ஜெர்மேனா வீட்டுச் சுவரில் கரியால் அடையாளம் போட்டு வைத்ததால், அதற்குப் பிறகு அக்கரையில் யாரும் கேஜைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. ஆடுகள் அதன் நிழலில் படுக்கப் பழகி, வண்டி தரையில் நிற்கும் மத்தியானங்களில் தங்கள் வீட்டை யாரோ பூட்டிவிட்டதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து கத்தின. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி, தரையைத் தொடாத சக்கரத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று கண்டு, டயர் தேய்மானம் மிகக் குறைவு என்று எழுதிவிட்டு, நண்டுக் குழம்பு சாப்பிட்டுப் போனார். பங்குத்தந்தை அங்கியைச் சுருட்டிக்கொண்டு அடியில் குனிந்து பார்த்து, "மேல போற எதையும் திருச்சபை அவசரப்பட்டுத் தடுக்கிறதில்ல" என்றார். மீன் விற்கிற வியாகுல மாமி, அடியில் சொட்டிய ஒரு துளி எண்ணெயை விரலில் தொட்டுக் கொஞ்சம் யோசித்து, தன் முழங்காலில் தடவிக்கொண்டாள். மறுநாள் அவள் கோயில் படிகளைக் கைப்பிடி இல்லாமல் ஏறியதை இக்கரையும் அக்கரையும் பார்த்தன.

அக்கரை என்றால் நாங்கள், கோயில் இருக்கும் கரைதான் ஊர்ப் பேச்சில் இக்கரை. கழிக்கு அந்தப் பக்கம் கோயிலும் கடைகளும் கமிட்டியும், இந்தப் பக்கம் உப்பளமும் எங்கள் தெருவும், நடுவில் ஒரு தரைப்பாலம். கடல் ஓதம் ஏறினால் பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மற்ற நாட்களில் வள்ளத்தில் போவோம். ஆனால் மாதா திருநாளன்று ஒரு வள்ளமும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது ஊர்க் கட்டு, திருநாளும் பெரிய ஓதமும் எப்போதும் ஒன்றாகவே வரும் என்பது கடலின் கட்டு. ஆகவே தலைமுறை தலைமுறையாக நாங்கள் புதுத்துணியைத் தலையில் சுமந்து நடந்து, இடுப்புவரை நனைந்துதான் கோயிலுக்குப் போனோம். அங்கே கமிட்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்று, கெட்டவர் போலவும் இல்லாமல், "காயுத வரைக்கும் வெளிய நில்லுங்க, உள்ள தரை வழுக்கும்" என்று சொல்லுவார். காய்வதற்குள் பூசை முடிந்துவிடும். எங்களுக்கு இக்கரையில் ஈரக்காரர்கள் என்று பெயர்.

ஜெர்மேனா அந்தக் காரைக் கேட்டது இதற்காகத்தான் என்று நாங்கள் பிற்பாடு சொல்லிக்கொண்டோம். அது உண்மையில்லை, பழைய எஞ்சின்கள் மேல் அவளுக்கு ஆசை, அவ்வளவுதான். ஆனால் வண்டி சுவரில் மார்பு உயரத்துக்கு எழுந்து நின்றதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கும் வேறு நினைப்பு இல்லை. "வர்ற திருநாளுக்கு அக்கரை உலர்ந்துபோய் உள்ள நிக்கும்" என்றாள். மைனி அந்த வார்த்தையைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டதால், அதன்பின் அது ஜெர்மேனாவின் வார்த்தையாக இல்லாமல் தெருவின் வாக்காக ஆகிவிட்டது.

அப்புறம்தான் வண்டிக்கு உடம்புக்கு முடியாமல் போனது.

காலையில் குளிர்ந்த எஞ்சினோடு மார்புக்கு எழும் வண்டி, சூடேறச் சூடேற இடுப்புக்கு இறங்கியது, பிறகு முழங்காலுக்கு. இறங்கினதோடும் நிற்காமல், எஞ்சினின் சத்தம் ஏறி ஏறி விழ, சத்தத்தோடு வண்டியும் அலையில் கட்டிய வள்ளம்போல ஏறி ஏறி விழுந்தது. ஒரு மத்தியானம் அது படாரென்று தரைக்கு வந்தபோது ஆடுகள் மயிரிழையில் தப்பின.

கஸ்பார் அண்ணன் வெள்ளைவேட்டியும் ஒரு கால் தாங்கலுமாக, ஓதம் வடிந்த நேரம் பார்த்து வந்தார்.

"ஜெர்மேனா, சொல்லுதேன்னு கோவிச்சுக்காத. அற்புதத்த ஓட்டக்கூடாது. வைக்கணும். கோயில் பக்கத்துல சிமெண்டு பீடம் கட்டியாச்சு. மேல கண்ணாடிக் கூண்டு போடுதோம். மூணு ஊர்ச் சனம் வந்து பாக்கும்."

"வண்டி இன்னும் ஓடுது அண்ணன்."

"ஓடுதா விழுதா?"

"விழுறதுக்குக் காரணம் இருக்கு. கண்டுபிடிச்சிருவேன்."

"திருநாள் வரைக்கும் டைம். அன்னைக்கு அக்கரைச் சனத்த ஏத்திட்டு வா. பாலத்துல ஒரு தடவ சக்கரம் நனைஞ்சாலும் வண்டி பீடத்துக்கு. சரியா?"

ஜெர்மேனா சரி என்று தலையை ஆட்டுவதற்குள் மைனி உள்ளே இருந்து, "சரி அண்ணன், அப்பிடியே செய்வோம், காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

காரணங்களை ஊர் முதலிலேயே வைத்திருந்தது. வண்டிக்குள் யாரோ செருப்போடு ஏறிவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. ஜெர்மேனா சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து வெகுநாளாகிறது என்றது இன்னொரு கட்சி. வண்டிக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை, அது மலையில் பிறந்தது என்றார் மலையைப் பார்த்திராத ஒருவர். ஜெர்மேனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல், தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டாள். அவள் கொண்டை போட்டால் தெருவில் சத்தம் குறையும்.

நோய் இரண்டு, ஒன்றல்ல என்று அவள் முதலிலேயே பிரித்துவிட்டாள். இறங்குவது எண்ணெயின் நோய். ஏறி ஏறி விழுவது மூச்சின் நோய்.

மூச்சை முதலில் பார்த்தாள். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தாள், பாயின்டின் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து சரிசெய்தாள், கார்ப்பரேட்டரின் திருகைக் கால் சுற்று உள்ளேயும் கால் சுற்று வெளியேயும் திருப்பிப் பார்த்தாள். வண்டி கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் பழையபடி ஆடியது. பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், சுண்ணாம்பு அடிக்கிற சின்ன மட்டையும் கொண்டுவரச் சொன்னாள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் ஒவ்வொரு மூட்டிலும், காய்ச்சல்காரன் நெற்றியில் பற்றுப் போடுவதுபோல, ஈர மட்டையால் தொட்டுத் தொட்டுப் போனாள்.

"என்னட்டி செய்த, குளிப்பாட்டுதியா?" என்றாள் வியாகுல மாமி.

"எந்த எடத்துல தண்ணியக் குடிக்கின்னு பாக்கேன் மாமி. கார்ப்பரேட்டர் வழியா மட்டுந்தான் காத்து போகணும். வேற ஓட்ட இருந்தா அது வழியாவும் உறிஞ்சும். தண்ணி அந்த ஓட்டய ஒரு நிமிசம் அடைக்கும், அப்ப சத்தம் மாறும்."

மட்டை கார்ப்பரேட்டரின் அடிமூட்டைத் தொட்டதும் எஞ்சின் ஒரு மிடறு விழுங்கியது. ஆட்டம் நின்றது. அந்த ஒரு மிடறு நேரத்துக்கு வண்டி குழந்தை உறங்குவதுபோல அசையாமல் நின்றது, பிறகு திரும்ப ஆடத் தொடங்கியது. ஜெர்மேனா எஞ்சினை நிறுத்தி, மூட்டைக் கழற்றினாள். இரண்டு இரும்பு முகங்களுக்கும் நடுவில், காற்றுப் புகாமல் வைத்திருந்த கேஸ்கட்டின் மேல், முடிச்சு முடிச்சாகப் போட்ட ஒரு சிவப்புக் கயிறு நசுங்கிக் கிடந்தது. வேண்டுதலுக்குக் கட்டும் நேர்ச்சைக் கயிறு.

தெரு முழுவதும் அடுப்படியைப் பார்த்தது, ஏனென்றால் மைனி அதற்குள் போய்விட்டிருந்தாள்.

"மைனி."

"என்ன?"

"இத யாரு இங்க வச்சா?"

"நீ அன்னைக்கு அதக் கழத்திப் போட்டுட்டுக் குளிக்கப் போன. நான் வச்சேன். மாட்டும்போது நீ கவனிக்கல, அதுக்கு நான் என்ன செய்ய?"

"எதுக்கு மைனி?"

"ஒனக்குக் கல்யாணம் ஆகணும்னு" என்றாள் மைனி உள்ளே இருந்து.

வியாகுல மாமி சிரித்த சிரிப்பு இக்கரைக்கே கேட்டிருக்கும். ஜெர்மேனா கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதிய கேஸ்கட் வெட்டி மாட்டினாள். ஆட்டம் அதோடு போயிற்று. இறக்கம் போகவில்லை.

எண்ணெயின் நோய்க்கு அவள் பயந்தாள், ஏனென்றால் உள்ளே பேரிங்குகள் தேய்ந்திருந்தால் அந்த வயது வண்டிக்குப் பேரிங்குக்கு எங்கே போவது. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினின் வயிற்றில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். இரும்பு இரும்பைத் தட்டுகிற சத்தம் எங்கும் இல்லை. பேரிங்குகள் நன்றாக இருந்தன. பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள், கோட்டுக்கு மேலே ஏறி நின்றது எண்ணெய். ஈஸ்டருக்குப் பிறகு அவள் ஒரு சொட்டும் ஊற்றியிருக்கவில்லை, அடியில் சொட்டிக்கொண்டும் இருந்தது, ஆனாலும் அளவு ஏறியிருந்தது. கம்பியை மூக்கருகே கொண்டுபோனாள். நல்லெண்ணெய் வாசம் வந்தது, அடியில் தேங்காயெண்ணெய், அதற்கும் அடியில் கொஞ்சம் ஓமத்தைலம், எல்லாமே சூடேறினால் நீர்த்துப்போகிறவை.

அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

எங்கள் கரையில் மாதா விளக்குக்கு எண்ணெய் வார்ப்பதும், எரிந்து மிஞ்சிய எண்ணெயைத் தொட்டு நோவு கண்ட இடத்தில் தடவிக்கொள்வதும் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். வியாகுல மாமியின் முழங்காலைப் பார்த்த பிறகு இக்கரையும் அக்கரையும் செய்தது அதைத்தான். எடுத்த இடத்தில் வார்க்க வேண்டும் அல்லவா. மூடியைத் திறந்து ஒரு கரண்டி வார்த்து, கம்பியை உருவி ஒரு துளி எடுத்துப் போனோம். நான் ஒருத்திதான், ஒரு கரண்டிதானே என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தோம்.

ஜெர்மேனா வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெயை எல்லாம் வடித்து, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வெயிலில் கொண்டுவந்து வைத்தாள். தொட்டியின் அடியில் கரும்பச்சை வண்டலுக்குள் வெள்ளிக் கண்கள் கிடந்தன, வெள்ளிக் காது, சுண்டுவிரல் நகமளவு வெள்ளி வள்ளம், இரண்டு தொட்டில்கள், நாக்கு ஒன்று, எல்லாம் எண்ணெயோடு நாங்கள் போட்ட நேர்ச்சைகள். பம்ப் எண்ணெயை உறிஞ்சும் சல்லடையில் விளக்குத் திரிப் பஞ்சும் மெழுகும் மல்லிகை இதழ்களும் தோசைபோலப் படிந்திருந்தன. அவ்வளவு வேண்டுதல்களையும் வடிகட்டித்தான் அது இத்தனை நாள் எங்களுக்காக எழுந்து நின்றிருக்கிறது.

ஓதம் வடிந்த நேரம் அது. கஸ்பார் அண்ணனும் வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். ஜெர்மேனா ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் வைக்க, உரியவர்கள் வந்து மெல்ல எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒரு வெள்ளிக் கால் மிஞ்சியது. யாரும் வரவில்லை. மாமி அதைத் தூக்கிப் பிடித்து, "யாரு காலு வே இது, கேக்க ஆளில்லையா?" என்றாள்.

"எங் காலுதான்" என்றார் கஸ்பார் அண்ணன்.

அவர் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, ஜெர்மேனாவிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "நேர்ச்சய பூரா எடுத்துட்டியே. வண்டி மேல நின்னதே அதுலதான்னா? இனி எது தூக்கும் அத?"

அவர் கேட்டது கேலியில்லை. எங்களில் பாதிப் பேர் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. ஜெர்மேனாவுக்கும் தெரியாது. வண்டி ஏன் எழுகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை, ஏன் இறங்குகிறது என்று மட்டும்தான் கேட்டாள்.

சல்லடையை மண்ணெண்ணெயில் கழுவினாள். தொட்டியைத் துடைத்து மாட்டினாள். கெட்டியான புது எஞ்சின் எண்ணெய் ஊற்றினாள். திருநாளுக்கு முந்தின நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், இரு கரையும் சுற்றி நிற்க எஞ்சினைக் கிளப்பினாள். எஞ்சின் ஓடியது. முள் சுழியத்தில் நின்றது. வண்டி தரையில் நின்றது. யாரோ ஒருவர் ஜெபமாலையைத் தொடங்கினார். ஜெர்மேனா சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டு, "பம்ப் காஞ்சு கெடக்கு, அவ்வளவுதான். கழத்தி வச்ச நேரத்துல உள்ள இருந்தது வடிஞ்சு போச்சு. காஞ்ச பம்ப் காத்தத்தான் உறிஞ்சும்" என்றாள். அடிக்கடி வறண்டுபோகிற எங்கள் கைபம்புக்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித்தான் அடிப்போம் என்பது எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது, ஜெபமாலை பாதியில் நின்றது. அவள் ஒரு குழாயைக் கழற்றி, நுனிவழியாகப் பம்புக்குள் எண்ணெயை மெல்ல வார்த்து, நிரம்பியதும் மாட்டி, மறுபடி கிளப்பினாள்.

முள் அசைந்தது. பத்து, இருபது, நாற்பது, அதற்கும் மேல். வண்டி முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, மார்பைத் தாண்டி, சுவரில் கரியே போடாத இடத்துக்கு எழுந்து நின்றது. ஆடுகள் அதற்கு அடியில் போய்ப் படுத்தன.

"குளுந்த வண்டி எதுவும் எந்திரிக்கும்" என்றார் கஸ்பார் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே. "நாளைக்குச் சூட்டுல பாப்போம். இழுக்குற கயிறு கமிட்டி கையில இருக்கும், சொல்லிட்டேன். அக்கரைக்காரன் இழுத்தா கள்ளம் பண்ணுவான். விழுந்தா நாங்களே இழுத்துட்டுப் போய் பீடத்துல ஏத்திருவோம்."

மிதக்கிற வண்டியைக் கியர் போட்டு ஓட்ட முடியாது, போட்டால் இறங்கிவிடும், யாராவது கயிறு கட்டி இழுக்கத்தான் வேண்டும். ஜெர்மேனா தலையைக் குனிந்துகொண்டு, "சரி அண்ணன், கயிறு ஒங்க கையில" என்றாள். அவள் சிரிப்பை மைனி மட்டும்தான் பார்த்தாள்.

திருநாள் காலையில் ஓதம் பாலத்தின் மேல் இடுப்பளவு ஏறி, வெயிலில் வெள்ளித் தகடாகக் கிடந்தது. கஸ்பார் அண்ணனும் கமிட்டிக்காரர்களும் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு கயிற்றோடு தண்ணீரில் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், கஞ்சி போட்ட சட்டைகளும் மடிப்புக் கலையாத சேலைகளும் மல்லிகையும் பவுடரும் பிள்ளைகளுமாக அக்கரையை ஏற்றிக்கொண்டு, சாமியார் வண்டி மெதுவாக வந்தது. கரை வந்ததும் ஜெர்மேனா மிதியில் கால் வைக்க வண்டி தரைக்கு இறங்கும், ஒரு நடை இறக்கிவிட்டு, காலை எடுத்ததும் எழுந்து வெறும் வண்டியாகத் திரும்பி, மறு நடை. எஞ்சின் நிற்கவேயில்லை. வெயில் ஏறியது, எஞ்சின் கொதித்தது, பாலத்தின் நடுவில் வரும் ஒவ்வொரு தடவையும் கஸ்பார் அண்ணன் திரும்பிச் சக்கரத்தைப் பார்த்தார், அது அவர் மார்புக்கு நேரே அப்படியே சொட்டு ஈரமில்லாமல் சுற்றாமல் நின்றது. எஞ்சின் மூடிக்குள் ஒரு குரல், தாளம் தப்பாத தறிபோல, தக் தக் தக் என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தது. முள் நாற்பதில் இருந்தது. கூன் விழுந்தவர்கள் ஏறினார்கள், பேறுகாலத்துக்குக் காத்திருந்தவர்கள் ஏறினார்கள், தலைமுறையாக வாசல் மணலில் நின்றே பூசை கண்டு, பீடத்தில் என்ன பூ வைக்கிறார்கள் என்று அறியாதவர்கள் ஏறினார்கள். கடைசி நடையில் மைனி ஏறினாள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஏட்டி, அந்தக் கயிற என்ன செய்த?" என்றாள்.

ஜெர்மேனா முன்னால் கை நீட்டிக் காட்டினாள். கமிட்டிக்காரர்கள் இழுக்கும் வடம் வண்டியில் கட்டியிருந்த முடிச்சின் மேல் சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது.

"அது கல்யாணத்துக்கு உள்ளது."

"இருக்கட்டும் மைனி. இப்ப எத்தன பேரு என்னய இழுத்துட்டுப் போறாங்க பாருங்க."

பூசை மணி அடித்தபோது அக்கரை முழுவதும் உள்ளே, உலர்ந்த காலோடு, முன்வரிசைவரை நிறைந்து நின்றது. கோயில் வாசலில் இடுப்புவரை நீர் சொட்ட வந்து நின்றார்கள் கஸ்பார் அண்ணனும் கமிட்டியும். கடைசியாக உள்ளே போய்க்கொண்டிருந்த வியாகுல மாமி வாசலில் திரும்பினாள். கெட்டவள் போலவும் இல்லாமல், "காயுத வரைக்கும் வெளிய நில்லுங்க அண்ணன், உள்ள தரை வழுக்கும்" என்றாள்.

அவர்கள் நின்றார்கள். ஊர்க் கட்டு எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஜெர்மேனா எஞ்சினை அணைக்கவில்லை. வண்டியை அவர்களையே கடைசியாக ஒருதரம் இழுக்கச் சொல்லி, அதற்கென்று கட்டிய சிமெண்டுப் பீடத்துக்கு நேர் மேலே நிறுத்திவிட்டு, குதித்து இறங்கி, அவளும் உள்ளே போய்விட்டாள். உள்ளே பாட்டு எழுந்தது, எங்கள் குரல்கள் முதன்முறையாக அந்த ஓட்டுக்கூரையில் பட்டுத் திரும்பி எங்களுக்கே கேட்டன. வெளியே கஸ்பார் அண்ணன் பீடத்தருகே போய், சக்கரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் கையை நுழைத்தார். கை தாராளமாகப் போனது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை தடவிப் பார்த்துவிட்டு, எடுத்தார்.

"தொடல" என்றார், ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே. "அக்கரைக்காரி வண்டி, எங்க தொடும்" என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் பெருமைதான் இருந்தது என்று பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர் சொல்லுகிறார்.

பூசை முடியும்வரை எஞ்சின் ஒரே சீராக ஓடியது. இப்போது அந்தப் பீடத்தில் நெத்திலி காயப்போடுகிறார்கள்.